எண் இரண்டில் எவ்வளவு கேட்கும்?

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை புட்டியை அழகுக்கு வைத்திருக்கிறீர்களா என்று எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே இருப்பது காது கேட்கும் கருவி. எங்கள் தொழிற்சாலையின் புது மாதிரி, இன்னும் கடைக்கு வரவில்லை. கூடவே எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு இருக்கும். அதை எழுதியது நான்தான். இங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். விடுதியில் அத்தனை பேருக்கும் புரிந்தது, உங்களைத் தவிர. இதுதான் அந்த வேலை. கருவியைச் செய்கிறவர்களுக்குத் தெரிந்ததை, வாங்குகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும்.

ஒரு உதவி வேண்டும் அத்தை. அச்சுக்குப் போகும் முன்னால், இந்தக் கருவியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மாட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று யாரும் சொல்லித் தரக் கூடாது. புரியாத இடத்தை எழுதித்தான் கேட்க வேண்டும், நானும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். வாயால் விளக்கினால் புத்தகம் தோற்றதாக அர்த்தம். எங்கள் மேலாளர் இதில் ரொம்பக் கறார். "படிக்கிறவங்க எங்க முழிக்கிறாங்களோ, அங்கதான் நம்ம எழுத்துல ஓட்டை" என்பார்.

"அப்படி யாராவது இருக்காங்களா உனக்கு?" என்று கேட்டார். அத்தையை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வந்தேன். "எங்க அத்தை இருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். கருவியை வடிவமைத்தவர் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி நிற்பதால் அவருக்குப் பெயரே திருப்புளி. அவர்தான் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

உங்கள் மகன் இருந்திருந்தால் இடது பக்கம் நின்று எல்லாவற்றையும் உங்கள் காதுக்குள் வாசித்திருப்பார். அவரும் போய், நானும் வேலையென்று இங்கே வந்த பிறகு, அந்தக் காதில் யார் பேசுகிறார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 19

மருமகளுக்கு அத்தையின் ஆசிகள்.

முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. தைலப் புட்டி அழகாகத்தான் இருக்கிறது. நீ இளைத்திருப்பாய். விடுதிச் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, அதிலிருந்து தெரிகிறது.

கையேட்டைப் படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "மின்கலத்தின் நேர்முனை மேல்நோக்கி இருக்குமாறு அறையினுள் பொருத்தவும்." எந்த அறையில்? இந்த வீட்டில் இருப்பதே முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. பொத்தான் மாதிரி ஒரு வில்லை இருக்கிறது, அதற்கு எது மேல், எது கீழ்? "ஒலியளவைத் தேவைக்கேற்பச் சரிசெய்யவும்." என் தேவை என்ன என்று உனக்கு எப்படித் தெரியும்? "பின்னூட்ட ஓசை எழுந்தால் செவி அச்சைச் சீராக்கவும்." இதை எங்கள் பேருந்து நிலைய அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெரிய படிப்புப் படித்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் வேலையைக் கேட்டால், டிக்கெட் ஜன்னலில் இனி என்னை உட்கார வைக்கவே மாட்டார்கள் போலிருக்கிறது. கேட்கிறவர் ஒரு ஊரைக் கேட்க, நான் வேறு ஊருக்குக் கிழித்துக் கொடுத்தால் யார்தான் பொறுப்பார்கள்? தொலைந்த பொருள்கள் அறையிலேயே இருக்கிறேன். குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் என்னிடம் எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

வில்லையைப் போட்டு, மூடி, காதில் மாட்டினேன். கருவி செத்த மாதிரி கிடக்கிறது. வில்லையின் முதுகில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கிறதே, அதோடுதான் போட வேண்டுமா? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

இன்னொன்று. எட்டுப் பக்கத்திலும் எங்கேயும் நீ இல்லை. கடிதத்தில் இருந்தாய். அதைத்தான் நாலு தடவை படித்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அத்தை


பிப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

நலம். சோறு சுமார்தான், மோர் நன்றாக இருக்கிறது. போதுமா?

ஒட்டுத்தாள்! உங்கள் கடிதத்தை எங்கள் பிரிவில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாங்கள் தினமும் அதை உரிக்கிறோம். அதனாலேயே ஒருவருக்கும் அதை எழுதத் தோன்றவில்லை. திருப்புளி தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நமக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சோம் பாருங்க" என்று மேலாளர் எல்லாரையும் ஒரு பிடி பிடித்தார். எனக்கு உள்ளூரப் பெருமை, எங்கள் அத்தை கண்டுபிடித்தது என்று.

இப்போது இப்படிச் செய்யுங்கள். ஒட்டுத்தாளை உரித்துவிட்டு வில்லையைக் கொஞ்ச நேரம் காற்றாட வையுங்கள். கூட்டல் குறி போட்ட பக்கம்தான் மேல். கருவியின் அடியில் நகத்தால் நெம்பினால் ஒரு குட்டிக் கதவு திறக்கும், அதைத்தான் நான் அறை என்று எழுதித் தொலைத்தேன். காதுக்குள் போகிற வார்ப்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து நுழைத்து, மெதுவாக முன்னால் திருப்புங்கள், உட்கார்ந்துவிடும். பின்னூட்ட ஓசை என்பது விசில் மாதிரி ஒரு சத்தம். கருவி வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது வரும். வரும்போது கேளுங்கள், அந்தப் பகுதியை அப்போது திருத்திக்கொள்கிறேன்.

இந்த முறை கட்டாயம் கேட்கும். கேட்டால் ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், அதோடு உங்கள் வேலை முடிந்தது. அப்புறம் உங்களைத் தொல்லை செய்ய மாட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை போனிலேயே பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 16

மருமகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம்தான்.

கேட்கவில்லை. ஒட்டுத்தாளை உரித்தேன், காற்றாட வைத்தேன், கூட்டல் குறியை மேலே வைத்தேன். ஒன்றும் இல்லை. நீ "பின்னால்" என்கிறாய், "முன்னால்" என்கிறாய். காதுக்கு எது முன், எது பின்? படம் போட்டுக் காட்டினால்தான் என்னைப் போன்ற மண்டூகத்துக்கு ஏறும். கருவியில் இருக்கிற குட்டிச் சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றுவது, எந்த விரலால் சுற்றுவது? இதையும் எழுது. அவசரமே இல்லை, விளக்கமாக எழுது.

வேலையில் நேற்று நல்ல கூத்து. ஒரே குடைக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி, "கைப்பிடியில பல்லுத் தடம் இருக்கும் பாருங்க, என் பையன் கடிச்சது" என்றாள். மற்றவள் விடுவாளா? "உன் பையனா கடிச்சான்? எங்க வீட்டு நாய் கடிச்சதும்மா அது!" என்றாள். உடனே இவள், "அப்ப எம் பையன நாய்ங்கிறியா?" என்று வரிந்து கட்டிக்கொண்டாள். நான் தடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்ல நான் என்ன பல் டாக்டரா? அதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே போனார்கள்.

அந்தத் திருப்புளி நல்ல மாதிரியா? தலையில் கையை வைத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். தன் தப்பைத் தப்பென்று நினைக்கிற ஆண்பிள்ளை அபூர்வம்.

அத்தை


மார்ச் 25

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் குடைக் கதையைச் சொல்லிச் சொல்லி விடுதியே சிரித்தது.

படம் போட்டாகிவிட்டது, ஒன்றல்ல, ஒன்பது. திருப்புளி, அதாவது கருவியை வடிவமைத்தவர், என் பக்கத்து மேசைக்காரர், அவர்தான் வரைந்தார். "பொதுவா ஒரு காத வரஞ்சா போதாதுங்க. உங்க அத்தை காது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சொல்லிக்கொண்டே போனேன். மடல் கொஞ்சம் வெளியே மடங்கியிருக்கும், கம்மல் போட்ட ஓட்டை இழுபட்டு நீண்டிருக்கும், பின்பக்கம் மிளகளவு ஒரு மச்சம். வரைந்து முடித்ததும் பார்த்தேன், உங்கள் காதேதான் அது. படத்தில் அந்த மச்சத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தேன். அவர் பென்சிலைச் சீவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

எந்த விரல் என்று கேட்டீர்கள். ஆள்காட்டி விரல். எந்தப் பக்கம் என்றால், மேல்நோக்கிச் சுற்றினால் சத்தம் கூடும். எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். கையேடு இப்போது இருபது பக்கத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு வேண்டுமா என்று மேலாளர் யோசித்தார். "எங்க அத்தைக்கே புரியலன்னா வேற யாருக்குப் புரியும்?" என்று வாதாடி ஜெயித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். காற்று நன்றாக இருந்தது.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 20

மருமகளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான். இந்த மாதம் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். அவன் போன நாளன்று வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் பெருமழை. தகரக் கூரையில் விடிய விடிய ஒரே இரைச்சல், பொட்டுக்கூடக் கண்ணை மூட முடியவில்லை. நீயும் அங்கே தூங்கியிருக்க மாட்டாய்.

படங்களைப் பார்த்தேன். காது என்னுடையதுதான், பின்னால் மச்சம் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரியும். ஆனால் கருவி விஷயத்தில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். சக்கரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண் போட்டிருக்கிறது. எண் இரண்டு என்றால் எவ்வளவு கேட்கும்? எவ்வளவு கேட்க வேண்டும் என்று தெரியாமல், கேட்கிறதா இல்லையா என்று நான் எப்படிச் சொல்வேன்? நியாயமான கேள்விதானே? யோசித்து எழுது.

ஆற்றோரம் தனியாகவா நடந்தாய்?

அத்தை


ஏப்ரல் 29

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அன்றைக்கு நானும் தூங்கவில்லை. விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. நாம் பேசிக்கொள்ள மாட்டோம்தான், இருந்தாலும் நீங்கள் வெங்காயம் உரிப்பீர்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த அளவு துணைகூட இங்கே கிடைக்கவில்லை.

உங்கள் கேள்வியைக் கேட்டு மேலாளரே அசந்துபோனார். எண்ணைப் போட்டுவிட்டோம், அது எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. அச்சுக்கு ஒரு மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

எண் ஒன்று என்றால், நீங்களும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் கேட்கும்.

எண் இரண்டு என்றால், நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்கள், அவர் முன்னறையில் எதையோ தேடுகிறார். "அம்மா, என் சாவிய பாத்தியா?" அது கேட்டால் எண் இரண்டு. அவர் கேட்டு, உங்களுக்குக் கேட்காமல், நான் ஓடி வந்து உங்கள் தோளைத் தொட்டு, நீங்கள் "அவன் சட்டைப் பையிலயே இருக்கும் பாரு" என்பீர்கள். இருக்கும்.

எண் மூன்று என்றால், தெருமுனையில் திரும்பும்போது அவருடைய சைக்கிள் மணி. எனக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது. நான் எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் நீங்கள் தட்டை எடுத்து வைப்பீர்கள். எண் மூன்றில் வைத்திருந்தால் நாம் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்திருப்போம் அத்தை.

எண் நான்கு எதற்கும் வேண்டாம், காது வலிக்கும்.

வடிவமைப்பாளர், அதாவது அந்தப் பக்கத்து மேசைக்காரர், உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

மருமகள்


மே 10

மருமகளுக்கு,

நலம். நலமாக இரு.

படித்தேன். வேலைக்கு எடுத்துப் போயும் படித்தேன். எண் ஒன்றும் இரண்டும் சரி. எண் மூன்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதையே இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுது. எத்தனை பக்கமானாலும் பரவாயில்லை.

அத்தை


ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது.

கருவி கடைக்குப் போகும் தேதி வந்துவிட்டதால், உங்களுக்குக் கேட்கும்வரை காத்திராமல் கையேடு நாற்பது பக்கத்தில் அச்சாகி, முதலில் கருவி வாங்கியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே கடிதங்கள் வர ஆரம்பித்தன. "எனக்குக் காதுதான் கேட்காது, மூளை இருக்கிறது" என்று ஒருவர். "ஆள்காட்டி விரல் எது என்று எங்களுக்குத் தெரியும்" என்று இன்னொருவர். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "காதில் வைத்தால் விசில் அடிக்கிறது, என்ன செய்வது?" அதற்குப் பதில் முப்பத்தெட்டாம் பக்கத்தில், "பின்னூட்ட ஓசை எழுந்தால் செவி அச்சைச் சீராக்கவும்" என்று அப்படியே கிடக்கிறது. விசில் வந்தால் கேளுங்கள் என்று எழுதிய பிறகு நீங்கள் ஒரு தடவையும் கேட்காததால் அந்த வரியை நான் தொடவே இல்லை. பலர் விசிலுக்குப் பயந்து கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்கள். கேட்கக் கூடியவர்கள் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், என்னால்.

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "யாருக்கு எழுதுறோம்னு தெரியாம நாப்பது பக்கம் எழுதியிருக்கியே" என்றார். இந்த மாதக் கடைசிக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். திருப்புளி என்கிற அந்தச் சக ஊழியர், நானும் சேர்ந்துதான் தப்புச் செய்தேன் என்று எனக்காகப் போய்ப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை.

யாருக்கு எழுதினேன்? உங்களுக்குத்தான் எழுதினேன். அதனால் நேற்று உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, மேலாளர் சொல்லித் தந்த மாதிரி படித்தேன், படிக்கிறவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று. குடைக்குச் சண்டை போட்ட இரண்டு பேர் என்ன பேசினார்கள் என்று உங்களுக்கு யார் எழுதிக் காட்டினார்கள்? தகரத்தில் மழை விழுந்து எப்படித் தூக்கம் கெட்டது? சிரித்துவிட்டு மடித்து வைத்தேனே தவிர, எனக்கு உறைக்கவே இல்லை.

கோபம் வந்தது அத்தை. என் காதில் பூ சுற்றிவிட்டீர்களே என்று அழுகையும் வந்தது. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். கேட்கிறதா? கையேட்டின் எந்தப் பக்கத்தில் கேட்டது?

மருமகள்


ஜூன் 20

மருமகளுக்கு,

கேட்கிறது. உன் இரண்டாவது கடிதம் வந்த அன்றே கேட்டது.

முதலில் உன் வேலை. சாவகாசமாகப் படித்துக்கொள். எனக்குத் தேவைப்பட்டது நாலே விஷயம். எது மேல், எது கீழ். ஒட்டுத்தாள். காதில் சாய்த்துத் திருப்பும் விதம். நாலாவது அந்த விசில். அது எனக்கும் அடித்தது, முதல் நாளே. உன்னிடம் கேட்டால் கருவி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடுமே, அதனால் கேட்கவில்லை. நானே மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தேன். வார்ப்பு சரியாக உட்காராவிட்டால் அடிக்கும். கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அடிக்கும், தலையணையில் அந்தப் பக்கம் சாய்ந்தால் அடிக்கும், பெரிதாகக் கொட்டாவி விட்டாலும் அடிக்கும். பயப்பட வேண்டியதில்லை, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, கழற்றித் திரும்ப மாட்டினால் நின்றுவிடும். இதை முதல் பக்கத்திலேயே போடு. மற்ற முப்பத்தைந்து பக்கமும் எனக்குத் தேவையில்லாதது. உன்னிடமிருந்து நான் கறந்தது.

எதற்காக என்று கேட்பாய். மாட்டிக்கொண்டதும் முதலில் கேட்டது எது தெரியுமா? உன் கடிதத்தை நான் மடித்த சத்தம். இத்தனை வருஷத்தில் காகிதத்துக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. உனக்கு உடனே எழுத உட்கார்ந்தேன், கேட்கிறதடி என்று. அப்போது பார்த்து அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டது. ஒரு வரி எழுதுங்கள், அதோடு உங்கள் வேலை முடிந்தது, அப்புறம் போனிலேயே பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். போனில் நீ என்ன பேசுவாய்? சாப்பிட்டீர்களா என்பாய். சாப்பிட்டேன் என்பேன். வைத்துவிடுவாய். அவன் போன பிறகு உனக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது, நீ பக்கம் பக்கமாக எனக்கு எழுத? கேட்கவில்லை என்றேன், எழுதினாய். புரியவில்லை என்றேன், என் காதைப் பற்றி எழுதினாய், அவன் சாவியைத் தேடியதை எழுதினாய். எண் மூன்று புரியாமலா மறுபடி கேட்டேன்? இன்னொரு தடவை அவன் தெருமுனையில் திரும்பட்டும் என்றுதான் கேட்டேன்.

என் ஆசையில் உன் பிழைப்புக்கு உலை வைத்துவிட்டேன். நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், இப்போது நன்றாகவே கேட்கும்.

ஆனால் நீயும் ஒன்றைச் சரியாகச் செய்யவில்லை. கடிதத்துக்குக் கடிதம் அந்தத் திருப்புளியைப் புதிதாக அறிமுகம் செய்கிறாய். பக்கத்து மேசைக்காரர், வடிவமைத்தவர், சக ஊழியர் என்று. ஒரு தடவை சொன்னால் எனக்கு ஞாபகம் இருக்காதா? ஆற்றோரம் தனியாகவா நடந்தாய் என்று கேட்டேன், அதற்கு மட்டும் பதில் வரவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்து எழுதுகிறாய். எனக்கு மார்ச் மாதமே தெரியும். பென்சிலைச் சீவ எழுந்து போனாரே, அந்த மனுஷர் நல்லவர். கட்டிக்கொள். இதை எழுத எனக்கு வலிக்கிறது, வலித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நீ தனியாக மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிட வலிக்கிறது.

அத்தை


ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

சுகம், இந்த முறை நிஜமாகவே சுகம்.

கையேடு இப்போது பத்துப் பக்கம். விசில் முதல் பக்கத்தில் இருக்கிறது, கொட்டாவி உட்பட. ஏற்கெனவே கருவி போட்டுப் பழகியவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து படித்தால் போதும் என்று மேலேயே எழுதிவிட்டோம். இந்த முறை மேலாளர் ஒருவரோடு நிற்கவில்லை, பலவிதமான ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார். ஒரு தையல்காரர், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, விடுதிச் சமையல்காரரின் மாமனார். எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். பெட்டி கட்டும் பிரிவு தப்பித்தது, எனக்குப் பெட்டி கட்ட வராது.

கோபம் போய்விட்டது. நாற்பது பக்கத்தையும் எழுதும்போது எனக்கு ஒரு தடவைகூட அலுப்புத் தட்டவில்லை என்பதை அப்புறம்தான் யோசித்தேன். உங்களுக்கு எழுதவும் எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. சும்மா எழுதினால் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்களோ என்று பயந்தேன்.

அவரைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் அவரிடம் காட்டவில்லை. பதினைந்து தடவையாவது படித்திருப்பேன். அவர் கேட்டிருந்ததற்குச் சரி என்று சொல்லிவிட்டேன் அத்தை. சொன்ன பிறகு உங்கள் மகனிடமும் மனசுக்குள் சொன்னேன்.

ஒரே ஒரு இடத்தில் நிற்கிறேன். அவருடைய அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நல்ல மாதிரி, வாய் ஓயாமல் பேசுகிறார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இது, மேடம் மேடம்னு? அத்தைன்னு வாய் நெறய கூப்பிடு" என்றார். வாயைத் திறந்தேன். வரவில்லை. இருமல் வந்த மாதிரி இருமிச் சமாளித்தேன். அது உங்களைக் கூப்பிடுவது. அவரை அப்படிக் கூப்பிட்டால் உங்களை என்னவென்று கூப்பிடுவேன்? உங்களை எதுவும் கூப்பிடக் கூடாத ஆளாக நான் ஆகிவிடுவேனோ என்று இருக்கிறது. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 15

மருமகளுக்கு,

ஆசிகள், உனக்கும் உன் திருப்புளிக்கும்.

வேலை தப்பித்ததில் எனக்கு மூச்சு வந்தது. என்னை மறுபடி டிக்கெட் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். அதிகாரி என் முதுகுக்குப் பின்னால் யாரிடமோ, "இந்தம்மா கிட்ட என்ன சொன்னாலும் கேக்காது" என்றார். "கேக்குது சார்" என்றேன் திரும்பாமலே. மனுஷர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். அந்த அம்மாளைத் தாராளமாக அத்தை என்று கூப்பிடு. இப்படியே இருமிக்கொண்டிருந்தால் நோயாளிப் பெண் என்று நினைத்துவிடப் போகிறார். என்னையும் அத்தை என்றே கூப்பிடு. மாமாவும் சித்தப்பாவும் ஒருத்திக்கு எத்தனை பேர் இருந்தாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை, அத்தை மட்டும் இரண்டு இருந்தால் என்ன? என் மகனைக் கட்டி வந்த அன்றைக்கு ஆரம்பித்தது இது. அவன் போன அன்றைக்கே முடியவில்லை, இன்னொருத்தன் வந்ததாலா முடியும்?

எழுதுவதை நிறுத்தாதே. இனிமேல் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை, அதனால் சும்மாவே எழுது.

அந்த அம்மாளுக்கு வயது என்னைவிட எத்தனை கூடுதலாக இருந்தாலும் சரி, வரிசையில் அவர் சின்ன அத்தைதான். இதை முதல் நாளே, அவருக்குப் புரிகிற மாதிரி, நிதானமாக எடுத்துச் சொல்லிவிடு. புரியவில்லை என்றால் எனக்கு எழுதச் சொல். நான் படம் போட்டு விளக்குகிறேன்.

உன் மூத்த அத்தை